களைப்புக்கு இட்ட பெயர்கள்

நமது ஊர்களில் 'ஏலாது' என்றொரு சொல் வழங்குகிறது. 'இன்றைக்கு வர ஏலாது' என்றால் முடியாது என்று பொருள். 'உம்மாவுக்கு ஏலாமல் கிடக்கிறது' என்றால் உம்மா நோயுற்றிருக்கிறார் என்று பொருள். முடியாமையும் நோயும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. என்ன நோய் என்று கேட்டால் மட்டும் சொல்லிடம் பதில் இல்லை. காய்ச்சல் இல்லை, இரத்தப் பரிசோதனையில் குறை இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் காலையில் எழும்ப ஏலாது, இரவில் நித்திரை வராது, வாசித்த வரி மனதில் நிற்காது, பிள்ளைகளின் சத்தம் காதில் குத்துகிறது. இப்படியான ஒருவருக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் பட்டங்கள் நாமெல்லோரும் அறிந்தவை. சோம்பல் என்பார் ஒருவர். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார் இன்னொருவர். ஈமானில் பலவீனம் என்று தீர்ப்புச் சொல்லவும் ஒருவர் இருப்பார். வைத்தியரோ விற்றமின் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

நீண்டகால நெருக்கீடும் அதன் முடிவில் வரும் களைப்பும் ஒரு மருத்துவ நிலை என்று ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு மருத்துவ உலகம் நடந்த பாதை மிகவும் கோணலானது. களைப்பு என்றால் என்ன என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் அந்தப் பாதை நெடுகிலும் கிடக்கிறது. யாருடைய களைப்பு நோயாக எழுதப்பட்டது, யாருடையது குற்றமாக எழுதப்பட்டது என்பதே அது. இக்கட்டுரை பெரிதும் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதாகும்.

களைப்பைப் பற்றி முதலில் சிந்தித்தவர்கள் மேனாட்டார்தாம் என்று எண்ணிவிடக் கூடாது. கிரேக்க மருத்துவத்தை உள்வாங்கி வளர்த்த இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலின் முதற் பாகத்தில் களைப்புக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார். புண்பட்டது போல நோகும் களைப்பு, இழுத்துக் கட்டியது போன்ற களைப்பு, வீக்கம் கண்டது போன்ற களைப்பு என்று அவர் வகை பிரிக்கிறார். உழைப்புக்குப் பின் வரும் களைப்பு வேறு, தானாக வரும் களைப்பு வேறு என்றும், பின்னையது வரவிருக்கும் நோயின் அறிகுறி என்றும் கூறுகிறார். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே அபூ ஸைத் அல்-பல்கி (850–934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதிவிட்டார். உடல்களின் நலனையும் உள்ளங்களின் நலனையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக அவர் வைத்தார். உள்ளம் வருந்தினால் உடல் நோயுறும், உடல் நோயுற்றால் உள்ளம் தன் தொழிலை இழக்கும் என்பது அவரது வாதம். கவலையைக்கூடக் காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்கு உடல்வழி மருத்துவத்தையும் விதித்தார். இந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லின் அயாசோபியா தொகுப்பில் இருந்தது. 1984இல் அது பிராங்பேர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. உள்ளம் பற்றிய பகுதியை சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி 2013இல் ஆங்கிலத்தில் தந்தார்.

பல்கியே நவீன உளவியலின் தந்தை என்று மேடையில் முழங்குவது நம்மவர் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எழுதியது நான்கு திரவக் கோட்பாட்டின் எல்லைக்குள் நின்றுதான். அவரை இன்று வாசிக்க வேண்டிய காரணம் வேறு. உள்ளத்தின் நோய்கள் எல்லா மனிதருக்கும் வருபவை, எவரும் அவற்றுக்குத் தப்பியவரல்லர் என்ற இடத்திலிருந்து அவர் தொடங்குகிறார். நோயாளியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் தொனி அவரிடம் இல்லை. பின்னால் வந்த பலரிடம் அந்தத் தொனியே மேலோங்கியிருந்தது.

இனி 1869ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் நியூயோர்க் நகர நரம்பியல் வைத்தியர் ஜோர்ஜ் மில்லர் பியர்ட் ஒரு மருத்துவ சஞ்சிகையில் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரில் கட்டுரை எழுதினார். நரம்புகளின் பலம் தீர்ந்துபோதல் என்பது அதன் பொருள். மருந்து விளம்பரங்களில் இன்றும் நாம் காணும் 'நரம்புத் தளர்ச்சி' இந்தக் குடும்பத்துச் சொல்தான். தலைவலி, அசதி, நித்திரையின்மை, அஜீரணம், காரணமற்ற பயம் என்று சிதறிக் கிடந்த முறைப்பாடுகளையெல்லாம் பியர்ட் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தார். மனித உடல் ஒரு மின்கலம்; அதிலுள்ள நரம்புச் சக்திக்கு ஓர் அளவுண்டு; விளக்குகளை அளவுக்கு மீறி இணைத்தால் வெளிச்சம் மங்கிவிடும் என்பது அவரது விளக்கம். 

1881இல் 'அமெரிக்க நரம்புத் தளர்வு' பற்றிய நூலில் அவர் காரணங்களையும் அடுக்கினார்: நீராவி இயந்திரம், தினப் பத்திரிகை, தந்தி, விஞ்ஞானம், பெண்களின் அறிவு முயற்சி. இவற்றால் களைப்பவர் யார்? மூளையால் உழைப்பவர், வணிகர், வழக்கறிஞர், எழுத்தாளர். நாகரிகத்தின் உச்சிக்கு ஏறியவருக்கு வரும் நோய் அது. கையால் உழைப்பவருக்கும், அவர் 'நாகரிகமடையாதோர்' என்று ஒதுக்கிய மக்களுக்கும் அது வராது. ஆகவே நியூரஸ்தீனியா என்ற சீட்டு ஒருவகையில் மரியாதைச் சீட்டு. அதைப் பெற்றவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

இங்கே வரலாறு ஒரு வேலை செய்திருக்கிறது. அதே 1869இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வின் வான் டியூசன் என்ற மனநல வைத்தியரும் பியர்ட்டை அறியாமலேயே அதே பெயரைப் பயன்படுத்தி எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் நகரத்து வணிகர்கள் அல்லர். ஆளரவமற்ற பண்ணை வீடுகளில் தனித்து, ஓயாத வேலைக்குள் கிடந்த குடியானவரின் மனைவியரும் அவருடைய நோயாளிகளுள் இருந்தனர். மருத்துவ உலகம் பியர்ட்டின் வணிகரை நினைவில் வைத்துக்கொண்டது. வான் டியூசனின் பண்ணைப் பெண்ணை மறந்துவிட்டது.

சிகிச்சையிலும் இந்த வேறுபாடு தொடர்ந்தது. பிலடெல்பியாவின் புகழ்பெற்ற வைத்தியர் வீர் மிச்செல், களைத்த பெண்களுக்கு 'ஓய்வுச் சிகிச்சை' விதித்தார். ஆறு முதல் எட்டு வாரம் வரை படுக்கை, பாலும் கொழுப்பும் நிறைந்த உணவு, உடம்பு பிடித்துவிடுதல், மின்னோட்டம், வாசிப்பும் எழுத்தும் பேச்சும் தடை. அதே மிச்செல் களைத்த ஆண்களைக் குதிரையேறவும் வேட்டையாடவும் மேற்குப் பிரதேசங்களுக்கு அனுப்பினார். 1885இல் அவ்வாறு வயோமிங் சென்ற ஓவன் விஸ்டர் பின்னர் பெயர்பெற்ற நாவலாசிரியரானார். 1887இல் மிச்செலிடம் படுக்கைச் சிகிச்சை பெற்ற சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன், பித்தின் விளிம்புவரை போய்த் திரும்பி, 1892இல் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதையை வெளியிட்டார். களைப்பின் வரலாற்றை எழுதும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத கதை அது. நோயாளியின் தரப்பு மருத்துவக் குறிப்பேட்டில் ஏறாதபோது சிறுகதையில் ஏறிவிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்தச் சீட்டு கப்பலேறிக் கீழைத்தேசங்களுக்கும் வந்தது. குடியேற்ற நாடுகளில் பணிபுரிந்த வெள்ளை அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் வந்த அசதி, எரிச்சல், மறதி ஆகியவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'வெப்பமண்டல நியூரஸ்தீனியா' என்று பெயர் சூட்டப்பட்டது. 1905இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் சார்ல்ஸ் வூட்ரஃப், வெப்பமண்டல வெயிலே வெள்ளையரின் நரம்பைத் தின்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். களைத்த துரை மலைநாட்டுக் குளிருக்கு அனுப்பப்படுவார். தேறாவிட்டால் கப்பலில் தாயகம் போவார். நமது நாட்டில் நுவரெலியா ஆங்கிலேயரின் ஓய்வுத்தலமாக உருவானதற்குப் பின்னால் இந்தக் காலநிலை அச்சமும் இருந்தது.

அதே மலைகளில் துரையின் கீழே கொழுந்து கிள்ளியவர்களின் களைப்புக்கு என்ன பெயர் இருந்தது?

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வேலையில் அசட்டை, கீழ்ப்படியாமை, சொல்லாமல் விலகுதல் ஆகியவற்றை அது சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்த கூலித் தொழிலாளி, வழியில் கொலராவுக்கும் பசிக்கும் தப்பிப் பிழைத்து, தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தினால் அவர் சோம்பேறி. வேலையைக் குறைத்தால் அரைப்பேர். படுத்துவிட்டால் பேரே இல்லை. அவர் கடனைச் சுமந்த 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

1869இல் இலங்கையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பியர்ட் தம் கட்டுரையை எழுதிய அதே ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளில் மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவிலிருந்து இலை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டே அந்தப் பூஞ்சைக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று இலத்தீன் பெயர் கிடைத்தது. 1880இல் அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசு அழைத்துவந்தது. நோயுற்ற இலைக்கு ஓராண்டுக்குள் பெயரும், பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு விஞ்ஞானியும் கிடைத்தன. அந்த இலைக்கு உரமிட்ட மனிதரின் சோர்வு வைத்தியரின் கண்ணில் படுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

அதுவும் எப்படிக் கண்ணில் பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையர் சோம்பேறிகள் என்று பெயரெடுத்திருந்தனர். 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற ஒட்டுண்ணியியல் ஆய்வாளர், அவர்களது குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் கொழுக்கிப் புழுவே அந்தச் சோம்பலின் காரணம் என்று அறிவித்தார். 'சோம்பல் கிருமி கண்டுபிடிப்பு' என்று பத்திரிகைகள் கேலியும் வியப்புமாக எழுதின. 1909இல் எண்ணெய் முதலாளி றொக்பெல்லர் அதை ஒழிக்கப் பத்து லட்சம் டொலர் கொடுத்தார். அந்த இயக்கம் உலகைச் சுற்றி வந்து 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரின் குடலில் புழு இருந்தது. வெளிறிய கண்ணும் வீங்கிய காலும் மூச்சிரைப்பும் சோகை என்று அறியப்பட்டன. துரைமார் சோம்பல் என்று பேரேட்டில் குறித்ததில் ஒரு பகுதியாவது இரத்தமின்மை என்பது இப்போது மருத்துவ உண்மை.

அடுத்து நடந்ததுதான் இவ்வரலாற்றின் மையம் என்பது என் கருத்து. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சில மாதங்களில் புழு திரும்பவும் ஏறியது. லயங்களில் மலசலகூடங்கள் போதியளவு இல்லை. வெறுங்காலோடு நடந்த மண்ணில் புழுக்குஞ்சுகள் காத்திருந்தன. மலசலகூடம் கட்டும் செலவு தோட்டத்தைச் சேர்ந்தது. அதைச் செய்யத் துரைமார் பின்னடித்தனர். மருந்துச் செலவில் வேறொருவர் பங்கேற்கும்போது மருந்தை ஏற்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. தனி உடலுக்கு மருந்து கொடுத்துவிட்டு அந்த உடல் வாழும் இடத்தை அப்படியே விட்டுவிடும் இந்த முறையைப் பின்னரும் பல இடங்களில் சந்திக்கப் போகிறோம்.

மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் இதே கதை வேறு வேடத்தில் நடந்ததை ஸெய்யித் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியான 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' என்னும் நூலில் ஆதாரங்களோடு நிறுவினார். தோட்டத்தின் நிபந்தனைகளுக்கு உடன்பட மறுத்தவரைச் சோம்பேறி என்று எழுதிய கை, உடன்பட்டவரைக் கூலி என்று எழுதியது என்பதை அவர் காட்டுகிறார். நமது சஞ்சிகைகளில் எட்வர்ட் ஸெய்த் பேசப்பட்ட அளவுக்கு அலத்தாஸ் பேசப்படவில்லை என்பது ஒரு குறையே. 'ஒரியன்டலிசம்' வெளிவருவதற்கு ஓராண்டு முன்னரே அவர் நூல் வந்துவிட்டது.

ஐரோப்பாவின் தொழிற்சாலைகளிலும் களைப்பை அளக்க முயன்றார்கள். இத்தாலியின் தூரின் நகரில் அஞ்சலோ மொஸ்ஸோ, விரலால் பாரம் தூக்கவைத்துக் களைப்பை வரைபடமாக்கும் கருவி செய்து 1891இல் 'களைப்பு' என்றே ஒரு நூல் எழுதினார். முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தவர்கள், வேலை நேரத்தைக் குறைத்தாலும் உற்பத்தி குறைவதில்லை என்று கண்டனர். அதே போரில் குண்டதிர்ச்சிக்கு ஆளான அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் நியூரஸ்தீனியா என்றும், சாதாரண சிப்பாய்களுக்கு ஹிஸ்டீரியா என்றும் சீட்டு எழுதப்பட்டது. விரித்துரைக்கத் தேவையில்லை, வாசகருக்கு இப்போது இந்த முறை பழகியிருக்கும்.

களைப்பை நரம்பின் மங்கலான 'சக்தி'யிலிருந்து மீட்டு உடலின் இரசாயனத்துக்குக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செல்யி. வியன்னாவில் பிறந்து, பிராக் நகரில் படித்து, மொன்றியலில் ஆய்வு செய்தவர். மாணவராக இருந்தபோது ஒரு விடயம் அவரைத் துளைத்தது. பேராசிரியர் ஒவ்வொரு நோயாளியையும் காட்டி அவருடைய நோய்க்குரிய தனி அடையாளத்தை விளக்குவார். ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான அந்தச் சோர்ந்த முகத்தை, பசியின்மையை, நோவை எவரும் பேசவில்லை. நமது 'ஏலாது' அதுதான்! பின்னர் ஒரு புதிய ஹோர்மோனைத் தேடி எலிகளுக்குச் சாறுகளை ஊசியேற்றியபோது, எதை ஏற்றினாலும் ஒரே விளைவு வருவதைக் கண்டார். அதிரினல் சுரப்பி பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. குளிரில் வைத்தாலும் ஓடவிட்டாலும் அதே மூன்றுந்தான். 1936 ஜூலையில் 'நேச்சர்' சஞ்சிகையில் இதை ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார். எச்சரிக்கை, எதிர்த்து நிற்றல், களைத்து வீழ்தல் என்ற மூன்று கட்டங்கள் இவ்வாய்விலிருந்தே பிறந்தன. இரும்பு வளைவதைக் குறிக்கப் பொறியியலாளர் பயன்படுத்திய 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மனிதருக்கு வந்ததும் அவர் வழியாகத்தான்.

இன்றைய அறிவு இன்னும் நுட்பமானது. நெருக்கீட்டின்போது மூளையின் கட்டளையால் அதிரினல் சுரப்பி கொர்ட்டிசோலைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். மாதக்கணக்கில் ஆபத்து நீங்காவிட்டால் அடக்கும் ஏற்பாடே பழுதாகிறது. நித்திரை கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நினைவாற்றல் தேய்கிறது. இவ்வாறு சமாளித்துச் சமாளித்தே உடலில் சேரும் தேய்மானத்தை 1993இல் புரூஸ் மக்கீவன் ஒரு சுமையாக விளக்கினார். அதிரினல் சுரப்பியே 'களைத்துவிட்டது' என்று சொல்லிக் குளிசை விற்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். அகஞ்சுரப்பியியல் நிபுணர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை. வைரசுத் தொற்றுக்குப் பின் வந்து ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் களைப்பு நோயும் இதனின்று வேறானது.

செல்யியின் கதையில் ஒரு கறை உண்டு. அவர் புகையிலைக் கம்பனிகளிடம் ஆய்வுப் பணம் பெற்றார் என்பது பின்னாளில் வெளிவந்த கம்பனி ஆவணங்களால் தெரியவந்தது. மாரடைப்புக்குச் சிகரெட்டைவிட நெருக்கீட்டைக் குற்றஞ்சாட்டுவது அக்கம்பனிகளுக்கு வசதியாக இருந்தது. ஒரு நல்ல கண்டுபிடிப்பும் எவர் கையில் போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பியர்ட்டின் வணிகர் விடவில்லை. 1958இல் ஜோசப் பிரேடி என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளை இரண்டிரண்டாகக் கட்டினார். மின்னதிர்ச்சியைத் தடுக்கும் விசை ஒன்றிடம் மட்டும் இருந்தது. அதற்கு 'நிர்வாகிக் குரங்கு' என்று பெயர். இரைப்பைப் புண் வந்து செத்தவை நிர்வாகிக் குரங்குகளே. பொறுப்பைச் சுமக்கும் மேலதிகாரிகளே அதிகம் களைக்கிறார்கள் என்பதற்கு அது சான்றாக எங்கும் பேசப்பட்டது. பரிசோதனையிலோ ஓட்டை இருந்தது. விசையை விரைவில் கற்ற, இயல்பிலேயே பதற்றமுள்ள குரங்குகளே நிர்வாகிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. பின்னர் ஜே வைஸ் எலிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்தபோது விளைவு தலைகீழானது. விசை கையிலிருந்த எலிக்குப் புண் குறைவு. விசையின்றி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டிருந்த எலிக்கே அதிகம். 1967இல் தொடங்கி இலண்டன் அரச ஊழியரிடையே நடந்த வைட்ஹோல் ஆய்வு மனிதரிலும் அதையே காட்டியது. உச்சியிலிருந்த அதிகாரியைவிட அடித்தட்டுச் சிற்றூழியரே இருதய நோயால் அதிகம் இறந்தனர். 1979இல் றொபர்ட் கராசெக் இதை ஒரு விதியாகவே சொன்னார்: வேலையின் கோரிக்கை மிகுதியாகவும், அதன்மேல் தன் அதிகாரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் உடல் உடைகிறது. பெரட்டில் நின்றவருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

யப்பானியர் இதற்கு அஞ்சாமல் பெயர் வைத்தனர். 1969இல் பெரிய பத்திரிகை நிறுவனமொன்றின் அனுப்பீட்டுப் பிரிவில் வேலைசெய்த 29 வயது இளைஞர் பாரிசவாதத்தால் இறந்தார். ஐந்தாண்டு கழித்து 1974இல் அம்மரணம் வேலையால் விளைந்தது என்று இழப்பீட்டுக்கு ஏற்கப்பட்டது. 'கரோஷி', மிகையுழைப்பு மரணம், என்ற சொல் 1982இல் மூன்று வைத்தியர்கள் எழுதிய நூலின் தலைப்பாயிற்று. 2014இல் அதைத் தடுக்கவே அந்நாடு தனிச்சட்டம் இயற்றியது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016ஆம் ஆண்டில் மட்டும் வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைத்ததால் விளைந்த பாரிசவாதமும் இருதய நோயும் 745,000 உயிர்களைக் கொண்டுபோயின.

சீனாவில் நிலைமை வேறு. அமெரிக்கா கைவிட்ட நியூரஸ்தீனியா அங்கே நெடுங்காலம் வாழ்ந்தது. 1980இல் ஆர்தர் கிளைன்மன் ஹூனான் மாகாணத்தில் அச்சீட்டைப் பெற்றிருந்த நூறு பேரைப் பரிசோதித்து, 87 பேர் மேனாட்டு அளவுகோலில் கடும் மனச்சோர்வு நோயாளிகள் என்று கண்டார். கலாசாரப் புரட்சியில் அடிபட்டு, குடும்பமும் தொழிலும் சிதறியவர்கள் அவர்களுள் பலர். மனம் உடைந்தது என்று சொன்னால் அது அரசியல் குற்றமாகக்கூடும். தலை வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் மருந்து கிடைக்கும். மனத்தின் முறைப்பாட்டை உடலின் மொழியில் சொல்வது அறியாமையால் அல்ல, அது பாதுகாப்பான மொழி என்பதால் என்று கிளைன்மன் புரிந்துகொண்டார். நமது பெண்கள் 'நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி', 'கை கால் விட்டுப் போகுது' என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் இளம் வைத்தியர்கள் அந்த நூலை வாசிக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் வழங்கும் 'பேர்ன் அவுட்' என்ற சொல் 1974இல் மருத்துவ எழுத்துக்குள் வந்தது. அதை எழுதியவர், நாசி ஜேர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி வந்த ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர். நியூயோர்க்கில் போதைக்கு அடிமையானோருக்கான இலவச மருத்துவ நிலையத்தில் பகல் தொழில் முடிந்து இரவிலும் உழைத்தவர். தானும் சக தொண்டர்களும் எரிந்து சாம்பலாவதைக் கண்டு எழுதினார். கிரகாம் கிரீன் அதற்கும் பத்தாண்டுக்கு மேல் முன்பே, கொங்கோவின் தொழுநோய் நிலையமொன்றைக் களமாகக் கொண்ட நாவலுக்கு அதே பொருள்படும் தலைப்பை இட்டிருந்தார். தொழுநோய் தின்ன வேண்டியதைத் தின்று தானே அணைந்துபோன நோயாளியைக் குறிக்கும் சொல் அது. 1981இல் கிறிஸ்டினா மஸ்லாக் இந்நிலையை அளக்கும் வினாக்கொத்தை உருவாக்கினார். உணர்ச்சி வற்றிப்போதல், பணிபெறும் மனிதரையே பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், தன் வேலைக்குப் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவையே அதன் மூன்று கூறுகள். தாதியர், ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோரிடமே முதலில் இது அளக்கப்பட்டது. மஸ்லாக் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: ஆளைப் பார்த்தது போதும், வேலைத்தலத்தைப் பாருங்கள். நிறுவனங்களோ யோகாசன வகுப்பும் மூச்சுப் பயிற்சியும் ஏற்பாடு செய்தன. மாத்தளையில் புழுமருந்து கொடுத்து மலசலகூடம் கட்டாமல் விட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

சுவீடன் இன்னும் ஓரடி முன்னே போனது. 1990களின் இறுதியில் அங்கு நீண்ட மருத்துவ விடுமுறைகள் பெருகின. 2003இல் 'களைப்பு நோய்'க்கான அளவுகோல்கள் வகுக்கப்பட்டு, 2005இல் அது அந்நாட்டு நோய்ப்பட்டியலில் தனிக் குறியீடு பெற்றது. ஆறு மாதங்களுக்குக் குறையாத நெருக்கீடு இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நெருக்கீடு அலுவலகத்தில் வந்ததா அடுப்படியில் வந்ததா என்று அது கேட்கவில்லை. பெருமளவில் பெண்களே அந்தச் சீட்டைப் பெற்றனர்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு வேறு. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது நோய்ப்பட்டியலில் 'பேர்ன் அவுட்' இடம்பெற்றது. ஆனால் நோயாக அல்ல. சரியாகக் கையாளப்படாத வேலைத்தல நெருக்கீட்டின் விளைவான ஒரு 'நிகழ்வு' என்ற அளவில். வேலைத்தலத்தைக் காரணமாக எழுத்தில் வைத்தது நல்லதே. ஆயினும் அதே பந்தியில் ஒரு வேலியும் போடப்பட்டிருக்கிறது. தொழில்சார்ந்த சூழலுக்கு மட்டுமே இச்சொல் பொருந்தும், வாழ்வின் ஏனைய பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தலாகாது என்கிறது அது.

கிழக்கிலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான நமது பெண்கள் 1980கள் தொட்டு வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போய் வருகிறார்கள். ரியாத்தில் ஒரு வீட்டில் விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, கழுவி, துடைத்து, பிள்ளை பார்த்து, முதியவரைக் குளிப்பாட்டி, நள்ளிரவில் படுக்கும் ஒரு பெண் உடைந்துபோனால், அந்தப் பந்தியின்படி அது வேலைத்தலக் களைப்பு. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, காத்தான்குடியிலோ கிண்ணியாவிலோ தன் சொந்த வீட்டில் அதே நேரத்துக்கு எழுந்து, அதே வேலைகளைச் செய்து, படுக்கையில் கிடக்கும் மாமியையும் பார்த்து, ஒரு நாள் எழும்ப ஏலாமல் கிடந்தால், அது அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் வராது.